காரம் படாமல் வைக்கவும்

"மாப்ள, உங்க அக்கா மாத்திரையை முழுங்குறதே இல்ல" என்றார் தவசிலிங்கம் போனில்.

சாப்பிட்டீங்களா, அங்கே மழை உண்டா என்று சுற்றிச் சுற்றி விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிற மனிதர். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி நடத்துகிறவர். அன்றைக்கு அவர் பேச்சில் முன்னுரை இல்லை.

நன்மாறன் மண்டபம் என்கிற ஊரில், கடலோரத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில், வலது காலை ஆட்டிக்கொண்டு நின்றிருந்தான். உட்கார்ந்தால் இரண்டு காலையும் ஆட்டுவான். எந்தக் கூட்டத்திலும் அவன் கடைசிவரை நாற்காலியில் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. நாற்பது வயதாகியும், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நிற்கும் பையனைப் போலவே தெரிகிறோம் என்பது அவனுக்கே தெரியும். அதை முதலில் சொல்லிச் சிரித்துவிடுவதும் அவன்தான். மற்றவர்கள் சொல்வதற்கு முன் சொல்லிவிட்டால் வலிக்காது பாருங்கள்.

"யார் அத்தான் சொன்னது?"

"ரத்தம் சொல்லுது. அட்டை காலியா வருது, ரத்தத்துல மருந்து பத்தல, நடுவுல இருக்கிறது வாய் ஒண்ணுதானேன்னு டாக்டரம்மா கேக்குறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

அக்கா பொற்கொடிக்குள் இருப்பது தவசிலிங்கத்தின் சிறுநீரகம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மதுரையில் வைத்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். புருஷனுக்குப் பொண்டாட்டி கொடுத்த கதை தெருவுக்கு ஒன்று இருக்கும். பொண்டாட்டிக்குப் புருஷன் கொடுத்தது அந்த ஊருக்கே புதுசு. மண்டிக்காரர்கள் முதலில் கேலி பண்ணினார்கள், பிறகு சால்வை போர்த்தினார்கள். அடுத்தவர் உறுப்பு உள்ளே வந்து குடியிருப்பதை உடம்பு கண்டுபிடித்துச் சண்டைக்குக் கிளம்பாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ஆயுசுக்கும். ரத்தத்தில் அது குறைந்தால் உடம்பு விழித்துக்கொள்ளும்.

இப்போது விழித்துக்கொண்டிருந்தது. சில மாதமாக மருந்தின் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் ஹெப்சிபா இரண்டு தடவை டோஸைக் கூட்டிப் பார்த்துவிட்டார். அப்படியும் இறங்கியது. இப்படியே போனால் கொடுத்த கிட்னி தங்காது என்று புருஷன் பெண்டாட்டி இருவரையும் எதிரே உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். எதைச் சொல்வதானாலும் இருவரையும் வைத்துத்தான் சொல்வார். கிட்னி ரெண்டு பேருடையது, ரகசியம் ஒருத்தருடையதாக இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம்.

நன்மாறனுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த மாத்திரை வரும் அட்டை அவன் செய்தது.

பழைய அட்டைகள் ஒரு தினுசான கல்யாணம். அலுமினியத் தாளும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்ட ஜோடியை எந்த மறுசுழற்சி ஆலையாலும் விவாகரத்து பண்ணிவைக்க முடியவில்லை. ஊருக்கு ஊர் குப்பைமேட்டில் அவை மினுமினுத்துக்கொண்டு குவிந்ததைப் பார்த்துச் சகிக்காமல் ஒரு நாள் அரசாங்கம் தடை போட்டது. அந்த இடத்துக்கு வந்ததுதான் நன்மாறனின் பாசி அட்டை. மண்டபத்துப் பெண்கள் இடுப்பளவுக் கடலில் நின்று மிதவைகளில் கட்டி வளர்க்கும் கடற்பாசியைக் காய்ச்சி, தகடாக இழுத்தது. கண்ணாடிபோல இருக்கும். மழைக்கும் வியர்வைக்கும் அசையாது. காலியானதும் மெடிக்கல் ஷாப் வாசலில் இருக்கும் நீலத் தொட்டியில் போட்டால், அதிலிருக்கும் மருந்துத் தண்ணீரில் பஞ்சுமிட்டாய் மாதிரி காணாமல் போய்விடும். காலி அட்டை போட்டால்தான் புது அட்டை. கரைந்த கஞ்சி லாரியேறி மண்டபத்துக்கே திரும்பி, மறுபடி அட்டையாகும். ஆரம்பத்தில் உள்ளூர்க்காரர்கள் அதைக் கடலட்டை என்று கூப்பிட்டார்கள். கடலட்டை பிடிப்பது குற்றம் என்பதால் ஒரு நாள் ஒரு ஜீப் நிறைய அதிகாரிகள் வந்து இறங்கி, தொழிற்சாலையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடி, கையில் ஆளுக்கொரு பாரசிட்டமால் அட்டையோடு திரும்பிப் போனார்கள்.

இப்போதைக்கு அரசு ஆஸ்பத்திரி மருந்துகளுக்கு மட்டும் அது வருகிறது. வருகிற தை முதல் தமிழ்நாட்டின் எல்லா மாத்திரைக்கும் அதுதான் என்று முடிவாகியிருந்தது. எட்டு வருஷ உழைப்பு. அதனால்தான் அந்த வாக்கியம் அவன் வாயில் அவ்வளவு சுளுவாக வந்தது.

"அட்டை தப்பு பண்ணாது அத்தான். வெயில்ல வெச்சு, புழுக்கத்துல வெச்சு, எல்லாம் பார்த்தாச்சு."

"அப்ப உங்க அக்காதான் தப்பு பண்றா" என்று சொல்லி வைத்துவிட்டார் தவசிலிங்கம்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நன்மாறன் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான். ஒரே மூச்சில் அக்காவை விற்று அட்டையைக் காப்பாற்றியிருக்கிறோம் என்று ஐந்தாவது நடையில் உறைத்தது. உறைத்தும், வேலையை விட்டு விருதுநகருக்குப் பஸ் ஏற இரண்டு வாரம் ஆகிவிட்டது.

அக்கா வீட்டுக்குள் நுழைகிற யாரும் தும்மித்தான் நுழைவார்கள். முன்கட்டு முழுக்க வத்தல் மூட்டை அடுக்கியிருக்கும். அந்த வீட்டில் அதுதான் காலிங் பெல். நன்மாறன் மூக்கைத் தயாராக வைத்துக்கொண்டு உள்ளே போனான், தும்மல் வரவில்லை. மூட்டைகள் இல்லை. தரை கழுவிவிட்ட ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. மத்தியானச் சாப்பாடும் ஆஸ்பத்திரிதான். தயிர்சாதம், உப்பு மட்டும் போட்ட புடலங்காய். பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு பழைய சோறு குடிக்கிற பொற்கொடி, பாலாடை மாதிரி வெளுத்த ஒரு கூட்டைத் தட்டில் வைத்தாள். கிட்னிப் பத்தியம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"எளைச்சுட்டியே" என்றாள் பொற்கொடி. அவள்தான் இளைத்திருந்தாள். கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது.

மாத்திரையைப் பற்றி இருவருமே பேசவில்லை. சாயங்காலம் அந்த வேளை வந்தபோது பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. தவசிலிங்கம் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுத்தார். அவள் போட்டுக்கொண்டு விழுங்கினாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார்.

"ஆ" என்றார்.

பொற்கொடி வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்கினாள். அவர் இடது கன்னம், வலது கன்னம் என்று அடித்துப் பார்த்தார். அந்த நேரம் முழுவதும் அவள் கண் தம்பி மேல் இருந்தது. நன்மாறன் சுவரில் இருந்த காலண்டரில் அன்றைக்கு ராகு காலம் எப்போது என்று வெகு அக்கறையாகப் படித்தான்.

"மாட்டுச் சந்தையில கூட ஒரு துண்டைப் போட்டு மறைச்சுத்தான் பேசுவாங்க" என்றாள் வாயை மூடிக்கொண்டு.

"உள்ள இருக்கிறது என் கிட்னிடி."

"வேணும்னா திருப்பி எடுத்துக்கோங்க."

தவசிலிங்கம் வாசலுக்குப் போய் நின்றார். அவர் முதுகைப் பார்த்தால் திட்டு வாங்கியவராகத் தெரியவில்லை, பிடுங்கிக்கொடுத்த இடத்தில் மறுபடி வலிக்கிறவராகத் தெரிந்தது. நன்மாறன் அக்காவிடம், எதுவானாலும் என்னிடம் சொல் என்றான். நீதான் அட்டை தப்பு பண்ணாது என்று சொல்லிவிட்டாயாமே, பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது என்று அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் நன்மாறன் முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தான். சொந்த வீட்டில் அவன் இப்படி நடந்தால் அம்மா கையில் விளக்குமாற்றைக் கொடுத்துவிடுவாள், சும்மா நடப்பதற்குப் பெருக்கிக்கொண்டே நடக்கலாமே என்று. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ சாமி அறையைக் கடக்கும்போது உள்ளே தவசிலிங்கம் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றிருந்தார். உள்ளங்கையில் திருநீற்றைக் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்தார். நெற்றியில் மூன்று விரல். கையில், மார்பில். முருகன் படத்துக்கு. அப்புறம் படத்துக்கு முன்னால் இருந்த புது மாத்திரை அட்டையை எடுத்து, குழந்தைக்குப் பூசுவதுபோல ஓரம் பிசகாமல், மூன்று பட்டை இழுத்தார்.

நன்மாறனின் கால் நின்றுவிட்டது.

"அது ஏன் அத்தான் இங்க இருக்கு?"

"வேற எங்க வைக்க? அடுப்படியில வெச்சா காரம் படும். மண்டிக்காரன் வீடு, எந்த மூலையைத் தட்டினாலும் காரம். நீங்கதானே அட்டையிலயே போட்டிருக்கீங்க?" அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: காரம் படாமல் வைக்கவும். "அதைப் படிச்ச அன்னிக்கே மூட்டையெல்லாம் குடோனுக்கு மாத்தினேன். உங்க அக்கா மிளகாயைத் தொட்டு எட்டு மாசம் ஆச்சு. கையில பட்டு மாத்திரைக்குப் போயிருமேன்னு சாப்பிடுறதே இல்ல. வீட்டுல சாமி ரூம் ஒண்ணுதான் சுத்தம்."

நன்மாறன் சாமி அறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"காரம்னா மிளகாய் இல்ல அத்தான்."

"பின்ன?"

"எட்டாங்கிளாஸ்ல படிச்சிருப்பீங்களே. அமிலம், காரம்னு. சோப்புத் தண்ணி, சுண்ணாம்பு, சோடா உப்பு, சாம்பல்…" கடைசி வார்த்தையில் அவன் குரல் தேய்ந்தது.

"நான் ஏழாங்கிளாஸோட மண்டிக்கு வந்துட்டேன் மாப்ள" என்றார் தவசிலிங்கம். சொல்லிவிட்டு மெதுவாகத் தன் மூன்று விரலையும் பார்த்தார்.

"மெடிக்கல் ஷாப் தொட்டியில என்ன ஊத்தியிருக்கோமோ, அதுக்குத் தம்பி முறைதான் இது. தண்ணி விட்டுக் குழைச்சா வேலை செய்யும். அட்டையோட மேல்தோல் கொஞ்சம் கரையும். கரைஞ்சதை அதுவே மூடிக்கும், அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கேன் பெரிய மேதாவி. ஆனா மூடுறதுக்குள்ள ஈரம் உள்ள போயிருக்கும். இந்த மருந்துக்கு ஈரம் ஆகாது. பார்க்க மாத்திரையாத்தான் இருக்கும், உள்ள சத்து போயிருக்கும்."

அலுவலகத்தில் முதலில் போட்ட வாசகத்தில் ஆல்கலி என்றுதான் இருந்தது. தமிழில் சொல் இருக்கும்போது ஆல்கலி எதற்கு என்று கூட்டத்தில் எழுந்து நின்று முழங்கியவன் நன்மாறன். அவன் எப்படியும் நின்றுகொண்டுதான் இருந்தான் என்பது வேறு விஷயம். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் பலனாக, சமையலறையில் சிவனே என்று கிடந்திருக்க வேண்டிய அட்டைகள் ஊர் ஊராகக் கிளம்பி, நேரே திருநீற்றுத் தட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

பொற்கொடி அடுப்படி நிலையில் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. தவசிலிங்கம் அவளைப் பார்த்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து, கொல்லைப்பக்கம் போய்ச் சுவருக்கு அப்பால் வீசிவிட்டு வந்தார்.

"என் கையாலயே கரைச்சுட்டு உன் வாயில லைட் அடிச்சேனேடி" என்றார்.

அவள் அழுவாள், இல்லை நாலு வார்த்தை கேட்பாள் என்று நன்மாறன் எதிர்பார்த்தான். அவள் சேலைத் தலைப்பால் அவர் விரல்களைத் துடைத்துவிட்டாள், அவ்வளவுதான். நிரபராதி என்று தீர்ப்பானவளின் முகமாக அது இல்லை. அதை அவன் கவனித்தான், ஆனால் சந்தோஷத்தில் தள்ளிவிட்டான்.

திருநீறு பட்ட அட்டைகளை வாங்கிக்கொண்டு அன்றைக்கே மண்டபம் திரும்பினான். ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்ததில் மாத்திரைகளில் மூன்றில் ஒரு பங்கு மருந்து போயிருந்தது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வரும் அட்டைகளையும் ஊரில் நாலு வீட்டில் கேட்டு வாங்கிப் பார்த்தான். பாதிக்கு மேல் சாமி மாடத்திலிருந்து வந்தவை. எல்லா மருந்தும் ஈரத்துக்கு இந்த அளவு பயப்படுவதில்லை, ஆனாலும் கொஞ்சம் கொஞ்சம் போயிருந்தது. யாரும் கண்டுபிடிக்காததற்குக் காரணம் எளிது. சர்க்கரை குறையவில்லையென்றால் டாக்டர் டோஸைக் கூட்டுவார், நோயாளியைத் திட்டுவார். ஸ்வீட் சாப்பிடுறீங்களா என்று அதட்டினால் இல்லை என்று சொல்லக்கூடிய தமிழன் உண்டா? கிட்னிக்காரர்களுக்கு மட்டும்தான் மருந்து ரத்தத்தில் எவ்வளவு என்று அளந்து பார்ப்பது வழக்கம். அதனால் அக்காவிடத்தில் தெரிந்தது. எத்தனை வீட்டில் எத்தனை வாய்க்குள் டார்ச் அடித்தார்களோ என்று யோசிக்கும்போது அவனுக்கு நின்ற இடம் கொள்ளவில்லை.

முதலாளியம்மா பதறவில்லை. எல்லா ஆஸ்பத்திரிக்கும் உடனே செய்தி அனுப்பச் சொன்னார். டாக்டர் ஹெப்சிபாவுக்கும் போனது. அட்டைக்கு மேலே மெழுகுபோல இன்னொரு பூச்சு கொடுத்தால் போதும் என்று ஆனது. வாசகம்தான் பெரும்பாடு. திருநீறு படக்கூடாது என்று அச்சடிப்பதா என்று சட்ட ஆலோசகர் முகம் வெளுத்துவிட்டார். அதை அச்சடித்த கையோடு நாம் எல்லாரும் இலங்கைக்குப் படகு ஏறிவிடலாம், பக்கம்தான் என்றார். கடைசியில் 'சோப்பு, சுண்ணாம்பு, சாம்பல் படாமல் வைக்கவும்' என்று முடிவாகி, தை மாதம் தப்பித்தது. எட்டு வருஷம் தப்பித்தது. கடலில் பாசி கட்டும் பெண்கள் அடுத்த பருவத்துக்கு மிதவை கூட்டலாமா என்று கேட்டபோது, கூட்டுங்கள் என்று சொன்னவனும் நன்மாறன்தான்.

ஆனால் ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. மூன்றில் ஒரு பங்கு போனால் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையலாம். டோஸை வேறு இரண்டு தடவை கூட்டியிருக்கிறார்கள். அக்கா ரத்தத்தில் போன வாரம் பார்த்தபோது மருந்து கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஒட்டவில்லை.

நன்மாறன் மறுபடி விருதுநகர் வந்து சேர்ந்துகொள்ள, திங்கட்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். அட்டை விஷயம் தெரிவதற்கு முன்பே கொடுத்திருந்த ரத்தத்தின் முடிவை வாங்கத் தவசிலிங்கம் கீழே போயிருந்தார். மூன்று நாளில் அவர் ஆளே மாறியிருந்தார். வருகிற வழியில் காரை நிறுத்தி நிறுத்தி, அவளுக்கு இளநீர் வேண்டுமா, பின்சீட்டில் தலையணை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

நன்மாறன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

"கேளு" என்றாள் பொற்கொடி. "வந்ததுலேர்ந்து கேக்காம எதுக்குத் தவிக்கிற?"

"கணக்கு ஒட்டலக்கா."

காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள் அவள். முதல் நாள் அவர் டார்ச் அடித்தபோது முழுங்கித்தான் இருந்தாள். அதுவரை ஒரு வேளை விட்டதில்லை. சாமி சத்தியமாக. ஆனால் அந்த வெளிச்சம் வாய்க்குள் விழுந்த பிறகு மாத்திரை உள்ளே இறங்கவில்லை. மேல்வாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே, மேலே ஒரு பொந்து மாதிரி இருக்கும். டார்ச் கீழே இருந்துதான் அடிக்கும். அவர் போனதும் எடுத்துக் கொல்லைச் சாக்கடையில் போட்டுவிடுவாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரம். நீ கண்டுபிடிச்ச அன்னிக்கு வரைக்கும். அப்புறம் முழுங்குறேன்." அவள் குரல் இறங்கியது. "கோவம்டா. செத்தாலும் பரவாயில்லைன்னு ஒரு கோவம். கிட்னியைக் குடுத்தா வாயையும் எழுதி வாங்கிக்கலாமா? அவருகிட்ட சொல்லிராத. மனுஷன் இந்த மூணு நாளாத்தான் தூங்குறாரு. குடுத்த கிட்னியை நான் வேணும்னே சாக்கடையில போட்டேன்னு தெரிஞ்சா, அவரு என்னை ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதுதான் பயமா இருக்கு."

நன்மாறனுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்திருந்தது. இன்றைக்கு டாக்டர் புது அட்டையில் நல்ல மாத்திரை எழுதப்போகிறார். மூன்றில் ஒரு பங்குதான் வீணானது என்று ஆலையே சொல்லியிருக்கிறது. மிச்சமும் ரத்தத்தில் இல்லையென்றால், இவள் உடம்பு மருந்தை வேகமாக எரித்துவிடுகிறது என்றுதான் டாக்டர் நினைப்பார். அதற்கேற்ப டோஸை இன்னும் ஏற்றுவார். இந்த மருந்து அளவு குறைந்தால் கிட்னியை உடம்பு தின்னும். அளவு மிஞ்சினால் மருந்தே கிட்னியைத் தின்னும். டாக்டரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று அவன் எழுவதற்குள் நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். தவசிலிங்கமும் படியேறி வந்துவிட்டார், கையில் முடிவோடு.

டாக்டர் ஹெப்சிபா முடிவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"திருநீறு கதையைக் கேட்டேன். எனக்கே இன்னும் நாலு பேஷண்ட் மேல சந்தேகம் இருந்துச்சு, பாவம், எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்" என்றார். "ஆனா இது அதுக்கும் கீழ இருக்கே. மாத்திரை ஒரு வேளையும் விடலையே?"

"விடல டாக்டர்" என்றார் தவசிலிங்கம் நிமிர்ந்து. "வாயைத் திறக்கச் சொல்லி நானே பார்த்தேன். அந்தப் பாவத்தை நான் பண்ணினேன்."

"அப்ப டோஸை ஏத்தித்தான் ஆகணும்." டாக்டர் பேனாவை எடுத்தார்.

பொற்கொடி தம்பியைப் பார்த்தாள்.

"ஏத்தாதீங்க டாக்டர்" என்றான் நன்மாறன். அவன் எழுந்து நின்றிருந்தான். "கடைசி ரெண்டு வாரம் இவங்களுக்கு வந்த அட்டை வேற. அதுல மருந்தே இல்ல."

"மருந்தே இல்லைன்னா?"

"உறை முழுசா விட்டுப்போன அட்டை. உள்ள இருந்தது வெறும் மாவு. திருநீறு படாமலே போயிருக்கு. எங்க தப்பு."

"உங்க ஆபீஸ் மூணுல ஒரு பங்குன்னு அனுப்பியிருக்காங்க."

"அவங்களுக்கு இது இன்னும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

"அந்த அட்டையைக் காட்டுங்க."

"கரைஞ்சிருச்சு டாக்டர். காலி அட்டை தொட்டிக்குப் போயிருச்சு. தடயமே இல்லாம போகணும்னுதானே எட்டு வருஷம் கஷ்டப்பட்டேன்."

அது ஜோக் மாதிரித்தான் வந்து விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் ஹெப்சிபா அவனைப் பார்க்கவில்லை, பொற்கொடியைப் பார்த்தார். பொற்கொடி மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள். முப்பது வருஷமாக நோயாளிகளின் முகம் பார்க்கிற டாக்டர். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தார் என்று நன்மாறனுக்குச் சொல்லத் தெரியாது.

"ஆக, இந்த ரெண்டு வாரம் இவங்க உடம்புக்குள்ள மருந்து போகல. அது நிச்சயம்."

"நிச்சயம்" என்றான் நன்மாறன். அந்த அறையில் அவன் சொன்னதிலேயே கலப்படமில்லாத வார்த்தை அதுதான்.

டாக்டர் எழுதியிருந்ததை அடித்தார். ஆரம்பத்தில் கொடுத்த அளவையே, நல்ல மாத்திரையாக எழுதினார். நாலு நாளில் மறுபடி ரத்தம் பார்க்கலாம், கிட்னிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்றார். தவசிலிங்கம் கைகூப்பினார். பிறகு டாக்டர் பேனாவை மூடிவிட்டு நன்மாறனிடம் திரும்பினார்.

"திருநீறு பட்டா கெட்டுப்போற அட்டைன்னா வார்த்தையை மாத்திக்கலாம். ஒண்ணுமே படாம மருந்தில்லாம போற அட்டைன்னா, நான் மேல சொல்லித்தான் ஆகணும். சொன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டர்."

தெரிந்தது. பூச்சும் வாசகமும் இதற்கு மருந்தாகாது. தானாகவே கெடும் என்று ஒரு டாக்டர் எழுதிவிட்ட உறையில் நாளைக்கு எந்த அதிகாரி மருந்து போடக் கையெழுத்து வைப்பான்? தை போயிற்று. பழையபடி அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஜோடியாக ஊர்வலம் வரும். மண்டபத்தில் கூட்டிய மிதவைகளை அந்தப் பெண்கள் அவிழ்ப்பார்கள். ஏன் என்று கேட்பார்கள். அவன் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டும். என்ன சொல்வது என்று இப்போதே யோசிக்கத் தொடங்கினான், ஒன்றும் தோன்றவில்லை.

திரும்புகிற வழியில் தவசிலிங்கம்தான் காரை ஓட்டினார். திருமங்கலம் தாண்டியதும் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து நன்மாறனை வாங்க போங்க என்றே பேசிவந்த மனிதர், அன்றைக்குத்தான் நீ என்றார்.

"போன்ல என்ன சொன்ன? அட்டை தப்பு பண்ணாதுன்னு சொன்ன. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் இவ வாயில லைட் அடிச்சேன். மருந்தே இல்லாத மாவைப் பொதிஞ்சு அனுப்பிட்டு, கூடப் பொறந்தவளைத் திருடி ஆக்கிட்டியே. நீயெல்லாம் என்ன படிச்ச?"

நன்மாறன் முன்சீட்டில் குறுகி உட்கார்ந்திருந்தான். அவர் சொல்லச் சொல்ல, அவர் குரலில் மூன்று நாளாக இருந்த குற்ற உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, நல்ல சுத்தமான கோபமாக மாறிக்கொண்டிருந்தது. அது அவர் உடம்புக்கு நல்லதுதான் என்று நன்மாறனுக்குப் பட்டது. இனி என் வீட்டுப் படி ஏறாதே என்றும் சொன்னார். சொன்ன கையோடு, ஏசிக் காற்று அவளுக்கு நேரே அடிக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துத் திருப்பி வைத்தார்.

"விடுங்க" என்றாள் பொற்கொடி பின்சீட்டிலிருந்து. "அவன் என்ன, வேணும்னா செஞ்சான்?"

நன்மாறன் திரும்பிப் பார்க்கவில்லை.